தாத்தா இன்னும் சாகவில்லை!

என் தாத்தா செத்துப்போய் 2025 ஆடியோடு ஐம்பத்தோரு வருஷம் முடிந்தது. குடும்பத்தில் யாருக்கும் இதில் அபிப்பிராய பேதம் கிடையாது. வருஷா வருஷம் திதி கொடுக்கிறோம். காக்காய்கூட ஒப்புக்கொண்டு வடையைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒப்புக்கொள்ளாத ஒரே ஆசாமி எங்கள் ஊர் நகராட்சிதான்.

"ரெக்கார்டுல இல்லையே ஸார்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

"என்ன இல்லை?"

"உங்க தாத்தா இறந்தது."

"அப்ப உயிரோட இருக்காரா?"

"அதுவும் ரெக்கார்டுல இல்லை."

நான் பி.காம். வவுச்சர் இல்லாமல் செலவு எழுதக் கூடாது என்று மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். வவுச்சர் இல்லாமல் ஒரு மனுஷன் சாகவும் முடியாது என்பதை அந்தக் கவுன்ட்டரில்தான் கற்றுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீடு தாத்தா பெயரில் இருக்கிறது. சோடாக்கடை வைத்து, கோலி சோடா கோலி சோடாவாக விற்று வாங்கிய மனை. அப்பாயிக்கு இப்போது எண்பத்தொன்பது. 'நான் கண்ணை மூடறதுக்குள்ள பொண்ணு பங்கைப் பொண்ணுகிட்ட குடுத்துடணும்' என்பது அவளுடைய ஒரே ஆசை. அப்பாவுக்கும் சம்மதம், அத்தைக்கும் சம்மதம். பங்கு பிரிப்பதில் சண்டையே இல்லாத குடும்பம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டு பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வாரிசுச் சான்று?" என்றார். வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் ஆபீஸ் போனால், "இறப்புச் சான்று?" என்றார்கள். இறப்புச் சான்றுக்கு நகராட்சி போனால்... மேலே பார்த்தீர்களே, அந்த உரையாடல்.

இதில் ஒரு வேடிக்கை. அதே நகராட்சி, அதே கட்டடம், மாடியில் வருவாய்ப் பிரிவு. அங்கிருந்து அரை வருஷத்துக்கு ஒருதரம் தாத்தா பெயருக்குச் சொத்து வரி நோட்டீஸ் தவறாமல் வருகிறது. தாத்தாவும் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறார். கீழே செத்ததற்கு அத்தாட்சி இல்லை. மேலே உயிரோடிருப்பதற்கு ரசீதே இருக்கிறது!

அப்பாதான் ரொம்பக் குமைந்தார். "நான்தாங்க நேர்ல வந்து எழுதிக் குடுத்தேன். எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. இதே வாசல்."

"ரசீது வெச்சிருக்கீங்களா?"

அப்பா செத்த மறுநாள் பதினைந்து வயசுப் பையன் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துவானா என்று நீங்கள்தான் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் பக்குவமாகத்தான் சொன்னோம். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் இது மட்டும் தெளிவாகக் கேட்டுவிட்டது.

"அப்ப நான் தாலியறுத்தது பொய்யாப்பா?"

யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் மறுபடி படையெடுப்பு. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் வருஷத்தது. அதன் பதினேழாவது பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி, பதிவேட்டில் தேடச் சொல்லி, நகல் கேட்கலாம். நான் கேட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நல்ல மாதிரி. "பேர் சொல்லுங்க ஸார்" என்றாள். தாத்தா பெயர் 'சாமி' என்று முடியும். அதை இங்கிலீஷில் எழுத எத்தனை வழி இருக்கிறது தெரியுமா? 'டபிள்யூ' உண்டா, இல்லையா? கடைசியில் 'ஐ'யா, 'ஒய்'யா? நடுவில் 'ஏ' ஒன்றா, இரண்டா? அத்தனையும் தட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் ஒரே பதிலைத்தான் சொன்னது: பூஜ்யம்.

"தேதி தெரியுமா?"

அப்பா முன்னால் வந்து சொன்னார்: "ஆனந்த வருஷம், ஆடி அமாவாசைக்கு மறுநாள்."

அந்தப் பெண் 'ஙே' என்று விழித்தாள். "அமாவாசைக்கு இதுல கட்டம் இல்லீங்களே..."

ஜோசியர் வீட்டுப் பழைய பஞ்சாங்கத்துக்குப் போனோம். (பாருங்கள், ஒரு ஜோசியர் ஐம்பது வருஷத்துப் பஞ்சாங்கத்தை வரிசைக்கிரமமாக அடுக்கி வைத்திருக்கிறார். அவருக்கு எந்தச் சட்டமும் கிடையாது.) ஆனந்த வருஷம் என்பது 1974-75. ஆடி அமாவாசை ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மறுநாள் 20, சனி. அப்பாயியிடம் கேட்டதும் உடனே உறுதிப்படுத்தினாள். "சனிக்கிழமைதான். சனிப் பிணம் தனிப் போகாதுன்னு பாடையில ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்பினோமே!"

சாட்சி சொல்ல அந்தக் கோழிக்குஞ்சுதான் பாக்கி. தேதி, கிழமை எல்லாம் பொருந்திவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி, ஒரு பைசா செலவில்லாமல், ஒரு அலமாரிகூட இல்லாமல், அரை நூற்றாண்டு காப்பாற்றி வைத்திருக்கிற ரெக்கார்டு இது!

இத்தனை சுத்தமான தேதியோடு போனால், 1973 இறப்புப் பதிவேடு இருக்கிறது, 1975 இருக்கிறது. 1974 இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த இடம் மாதிரி காலி. சனிப் பிணம் தனியாகப் போகவில்லை. ரெஜிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றார் ஒரு மேஜை. "பதிவு இல்லைன்னு சர்ட்டிபிகேட் தர்றோம். அதை வெச்சுத் தாமதப் பதிவுக்குப் போங்க." ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமானால் முன்பெல்லாம் மாஜிஸ்திரேட் கோர்ட்டு உத்தரவு வேண்டும். 2023-இல் சட்டத்தைத் திருத்தி, மாவட்ட நிர்வாகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கும் அத்தாட்சி கேட்பார்கள். அதைவிட முக்கியம், எங்கள் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பதியாதவன்தானேப்பா தாமதமாப் பதியணும்? நான் அன்னிக்கே பதிஞ்சவன். இன்னிக்குப் போயி 'பதிய மறந்துட்டேன்'னு எழுதிக் குடுக்கணுமா? முடியாது."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவர்கள் தொலைத்ததற்கு நாம் 'மறந்தோம்' என்று கையெழுத்துப் போடுவதாவது!

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் நிரந்தர முக்கியத்துவம் உள்ளவை, அழிக்கவே கூடாது என்று விதி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் நான்காவது பிரிவு, முதல் வேலையாக, ஒவ்வொரு அலுவலகமும் தன் ஆவணங்களைப் பட்டியல் போட்டு, அகரவரிசை கட்டி வைக்க வேண்டும் என்கிறது. நாம் எல்லோரும் கேள்வி கேட்கிற பிரிவைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். பதில் கிடைக்கிற மாதிரி அடுக்கி வைக்கச் சொல்கிற பிரிவை யாரும் சீந்துவதில்லை. மத்திய அரசு 1993-இல் பொது ஆவணச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. ஆவணத்தை முறைகேடாக அழித்தால் ஐந்து வருஷம் வரை ஜெயில். படித்ததும் மீசை துடித்தது. அப்புறம் பார்த்தால் அது டெல்லி சர்க்காருக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உள்ள சட்டம். தாத்தா பாண்டிச்சேரியில் செத்திருக்கலாம்.

பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டேன். இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது (முப்பது நாள் கெடு). 'பெருமுயற்சி எடுத்துத் தேடியும் கண்டறிய இயலவில்லை.' தகவல் தர மறுக்கலாம் என்று சட்டம் சொல்லும் காரணங்களில் நாட்டுப் பாதுகாப்பு இருக்கிறது, வர்த்தக ரகசியம் இருக்கிறது. 'காணோம்' என்பது இல்லை. டெல்லி ஐகோர்ட்டு 2013-இலேயே இதைச் சொல்லி, இருந்த ஆவணம் காணாமல் போனால் விசாரித்துப் பொறுப்பு யார் என்று நிர்ணயிக்கச் சொல்லியிருக்கிறது. நான் விசாரணை எல்லாம் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தில் ஆவணங்களை நேரில் பார்வையிடவும் வழி இருக்கிறது. அதைக் கேட்டேன். 'பெருமுயற்சி' நடந்த இடத்தை ஒருதரம் கண்ணால் பார்த்துவிடலாமே!

பார்த்தேன் ஸார்.

பதிவறை என்று போர்டு. உள்ளே நுழைந்ததும் முதலில் நின்றது ரிப்பேரான கொசு மருந்து மெஷின். அதற்குப் பின்னால், நடைபாதைக் கடைகளில் பறிமுதல் செய்த தராசுகள். அப்புறம் கொடியேற்றத்துக்குப் போடும் மேடைப் பலகை. அதற்கும் பின்னால், சுவரோரமாக, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி ரேக்குகள். காடாத் துணியில் கட்டிய மூட்டைகள். ஜன்னல் கண்ணாடி இல்லை. மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை மூட்டைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பொறுப்பில் இருந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயசிருக்கும். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்து, கருணை அடிப்படையில் சேர்ந்தவள். பதிவறை அவளுக்குக் கூடுதல் பொறுப்பு. முழு வேலை டெங்கு ஒழிப்புக் கணக்கு. துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு மூட்டைகளைப் பிரித்துக் காட்டினாள்.

"இது என்னம்மா?"

"1986-ல கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி வெக்க அனுமதி கேட்ட மனுங்க ஸார்."

"இது?"

"பொருட்காட்சியில ராட்டினம் போட்ட ஃபைல்."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சின்னப் பாடம் எடுத்துவிட வேண்டும். அரசாங்கக் கடிதங்களின் தலையில் 'மூ.மு.', 'ப.மு.' என்று ஏதோ போட்டு ஒரு நம்பர் இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? நான் ரொம்ப நாள் அதை யாரோ அதிகாரியின் இனிஷியல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது அந்தக் காகிதத்தின் ஆயுள் ரேகை. ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு: ஒரு வருஷம் வைத்திருந்து அழித்துவிடலாம். மூ.மு. மூன்று வருஷம். ப.மு. பத்து வருஷம். நி.மு. நிரந்தரம். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு, அப்போது எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்று இங்கிலீஷில் இருந்தது. ஃபைல் முடிகிறபோதே அதற்கு எத்தனை வயசு என்று எழுதிவிடுகிறார்கள். எவ்வளவு அழகான யோசனை! கம்பெனிக் கணக்குப் புத்தகத்துக்கு எட்டு வருஷம் என்று 2013 கம்பெனிச் சட்டம் ஒரே போடாகப் போட்டதைப் படித்த எனக்கு, இது இன்னும் நுணுக்கமாகவே பட்டது.

ராட்டின ஃபைல் மேல் 'ஓ.மு.' என்று தெளிவாக எழுதியிருந்தது. நாற்பது வருஷமாக உயிரோடு இருக்கிறது. அதுவும் நடு ரேக்கில், கரையான் எட்டாத, மழை தொடாத, முதல் வகுப்பு இடத்தில். நிரந்தரமானவை இருந்ததோ கீழே, தரையில். ரேக்கில் இடம் இல்லையாம்.

"ஏம்மா, ஓராண்டு முடிவை எல்லாம் அழிச்சிருந்தா இடம் கிடைச்சிருக்குமே?"

அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே வந்து நின்ற மூத்த ஊழியர் ஒருவர் சொன்னார். அந்தப் பதிலுக்காகவே அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அழிக்கணும்னா லிஸ்ட் போட்டு ஒருத்தன் கையெழுத்துப் போடணும் தம்பி. போட்டவனை நாளைக்கு ஆடிட்ல கேப்பான்: 'ஏன்டா அழிச்சே?' அழிக்காம விட்டா? கரையான் அழிச்சுக்கும். கரையானுக்கு எவனும் மெமோ குடுக்க முடியாது."

நகராட்சி ஆவண நிர்வாகத்தைப் பற்றி ஆயிரம் பக்கப் புத்தகம் போட்டாலும் இதற்கு மேல் எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்கிற முடிவைக் கரையானிடம் ஒப்படைத்துவிட்டோம். கரையானுக்கு நி.மு.வும் தெரியாது, ஓ.மு.வும் தெரியாது. அது பாட்டுக்குக் கீழேயிருந்து மேலே தின்றுகொண்டு வருகிறது.

நம் ஜனங்களுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூருக்குப் போனால் கோயில் சுவரிலேயே இருக்கிறது. பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஊர்ச்சபை வாரியத்துக்குக் குடவோலை போட்டு ஆள் எடுக்கிற விதிகள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரையும், அவனுடைய சொந்தக்காரன் பெயரையும் குடத்தில் போடவே கூடாது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கணக்கு ஓலையைத் தொலைத்தவனுக்கு மட்டுமல்ல, மச்சானுக்கும் சேர்த்துப் பதவி கிடையாது! அந்தக் கல்வெட்டுப்படி எனக்குப் போட்டியிட வயசுத் தகுதி இருக்கிறது. முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். ஆனால் சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்றும் ஒரு விதி. நம் மனைக்குத்தான் தாத்தா இன்னும் சாகவில்லையே!

எழும்பூரில் 1909-இல் கட்டிய சிவப்புக் கட்டடத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பதினேழாம் நூற்றாண்டில் எழுதின காகிதம் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கிறது. அவன் தேசத்தையே கொள்ளையடித்தான். ஆனால் கொள்ளைக்குக் கணக்கு வைத்தான். சரி, அது போகட்டும்.

கிளம்புகிறபோது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "ஸார், எனக்கு முன்னாடி முன்னாடி இருந்த ரெக்கார்டு கிளார்க் அய்யா ஒருத்தர் இருக்காரு. ரிடையராகிப் பன்னெண்டு வருஷமாச்சு. ஏதாவது கிடைக்கலேன்னா நான் அவருக்குத்தான் போன் பண்ணுவேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

போனோம். ஒண்டுக்குடித்தன வீடு. எழுபது வயசு. முப்பத்து நாலு வருஷம் தூசியோடு குடித்தனம் பண்ணியதில் ஆஸ்துமா. பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினார். அப்பா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டு கொண்டுவந்தார். நீளவாட்டு நோட்டு, மேலே பிரவுன் அட்டை. கோடு போட்டு, ரேக் நம்பர், தட்டு நம்பர், மூட்டை நம்பர், உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடித்த மாதிரி கையெழுத்து. இருநூறு பக்கம். ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் உட்கார்ந்து, ஆறு வருஷத்தில் எழுதியதாம். யாரும் எழுதச் சொல்லவில்லை. ரிடையரானபோது ஆபீசில் கொடுக்கப் போயிருக்கிறார். சார்ஜ் லிஸ்டில் அப்படி ஒரு நோட்டு இல்லை, அதனால் வாங்கிக்கொள்ள முடியாது என்று திருப்பிவிட்டார்களாம்.

விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு... இறப்பு... இந்தா. ரேக் ஏழு, மேல் தட்டு. லேபிள் 1947. உள்ளே 1974."

"புரியலீங்களே..."

"77 நவம்பர் புயல்ல ஓடு பறந்து ரெஜிஸ்டரெல்லாம் நனைஞ்சு போச்சாம். நான் 79-ல சேர்ந்தேன். மூத்தவங்க சொன்னது. காயவெச்சு மறுபடி பைண்ட் பண்ண வெளிய குடுத்திருக்காங்க. பைண்டர் பையன் நம்பரைத் திருப்பி ஒட்டிட்டான்."

"நீங்க லேபிளை மாத்தலையா அய்யா?"

"மாத்த அனுமதி கேட்டுக் குறிப்பு வெச்சேன்." மூச்சு வாங்கினார். "அது திரும்பி வரலை."

ஸ்கேன் பண்ண வந்த பையன்களுக்கு 1970-இலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு. 1947 என்று லேபிள் ஒட்டியதை அவர்கள் ஏன் தொடப்போகிறார்கள்? கம்ப்யூட்டர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 2023 அக்டோபர் முதல் தேதிக்கு அப்புறம் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், லைசென்ஸ், ஓட்டர் லிஸ்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்று ஒன்றே போதும் என்று சட்டம் வந்திருக்கிறது. பேஷ். பிறக்கிற எல்லாரும் கம்ப்யூட்டரிலேயே பிறக்கட்டும். ஆனால் கம்ப்யூட்டருக்குக் கொடுத்ததுதானே அதற்குத் தெரியும்? மூட்டைக்குள் இருக்கிற கிழங்களை எடுத்துக் கொடுக்க ஒரு நோட்டும் ஒரு ஆளும் வேண்டியிருக்கிறது.

மறுநாள் ஏணி போட்டு ஏறினது அந்தப் பெண்தான். ரேக் ஏழு, மேல் தட்டு. '1947.' தூசி தட்டிப் பிரித்தால், சாட்சாத் 1974. ஜூலை. இருபது.

அப்பாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தகவல் தந்தவர் என்ற இடத்தில், 'மகன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கையெழுத்து. இங்க் பேனா. குண்டு குண்டாகப் பள்ளிக்கூடத்து எழுத்து. முதல் எழுத்தில் ஒரு சொட்டு மை சிந்திப் பரவியிருந்தது. மையா, வேறு ஏதாவது நனைந்ததா என்று நான் கேட்கவில்லை. அப்பா அதை விரலால் தொட்டார். "நான் சொன்னேன்ல?" என்றார், யாரிடமோ.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் நகராட்சிக்குப் போகாதவர். 'இறந்தவர் பெயர்' என்ற இடத்தில் இருந்தது: சோடா சாமி.

"என்னப்பா இது?"

அப்பா வெகுநேரம் அதையே பார்த்தார். "அன்னிக்கு எழுதினவரு தினம் நம்ம கடையில கலர் குடிப்பாரு. பேரைச் சொல்ல வாய் வரலை எனக்கு, அழுகை. 'தெரியும்டா, எங்களுக்குத் தெரியாதா சாமியை, நீ அழாதே'ன்னு அவரே எழுதிக்கிட்டாரு."

என்ன சொல்வது? அந்த நல்ல மனுஷன் அழுகிற பையனை ஒரு கேள்வி கூடக் கேட்காமல் அனுப்பியதால், எங்களுக்கு இன்னும் ஏழு வாரம் பிடித்தது. பதிவேட்டில் பிழை இருந்தால் பதினைந்தாவது பிரிவுப்படி திருத்தலாம். பழைய எழுத்தை அடிக்காமல், ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விஷயம் தெரிந்த இரண்டு பேர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஐம்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய விஷயம் தெரிந்தவர்கள் தெருவில் இரண்டே பேர்தான் பாக்கி. எதிர்வீட்டு டெய்லர் தாத்தா ஒருவர். இன்னொருவர் அப்பாயி. ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். 'சோடா சாமியும், பத்திரத்தில் உள்ள சாமியும் ஒரே சாமிதான்' என்று எழுதி வாசித்துக் காட்டி ரேகை வைக்கச் சொன்னார்கள். அத்வைதத்தை இவ்வளவு சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

சான்று கைக்கு வந்த அன்று சாயங்காலம் அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். பெயர், தகப்பனார் பெயர், இறந்த தேதி. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"நேரம் போட்டிருக்கா?"

"இல்லை அப்பாயி."

"விடிகாலை நாலு மணி. கோயில் மணி அடிச்சுது" என்றாள். "அதையும் எழுதச் சொல்லியிருக்கலாம்."

வாரிசுச் சான்று இப்போது தாசில்தார் ஆபீசில் நடந்துகொண்டிருக்கிறது. அத்தை வாரா வாரம் போன் பண்ணி, அப்பாயிக்கு உடம்பு எப்படி என்று கேட்கிறாள்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த நோட்டை அவரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி, இருநூறு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்தேன். ஒரு செட் பைண்ட் பண்ணி, 'இது தங்கள் பதிவறையின் முழு அட்டவணை. பயன்படுத்திக்கொள்ளவும்' என்று கடிதம் வைத்துத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டேன். (இந்தத் தடவை ரசீது பத்திரமாக இருக்கிறது.) பதினெட்டு நாளில் பதில் வந்தது. மனுதாரரின் மனு பெற்றுக்கொள்ளப்பட்டு, உரிய கோப்பில் சேர்க்கப்பட்டது என்று நன்றியோடு எழுதியிருந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் கடிதத்தின் இடது மூலையில் நம்பரைப் பார்த்தேன்.

ஓ.மு.